15 சுற்றிலிருந்து 12 சுற்றுக்கு: கடைசி மூன்று சுற்றுகள் மீதான குற்றச்சாட்டு

கேள்வி

1982 நவம்பர் 12 இரவு, மயாமி நகரின் ஆரஞ்ச் பௌல் மைதானத்தில் ஜூனியர் வெல்டர்வெயிட் சாம்பியன் ஆரன் பிரையரும் நிகரகுவாவின் அலெக்ஸிஸ் ஆர்குவெயோவும் மோதினார்கள். 14ஆவது சுற்றில் பிரையரின் சரமாரியான குத்துகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆர்குவெயோ நினைவிழந்து சாய்ந்தார். பல நிமிடங்கள் அவர் எழவில்லை. பிறகு பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல், லாஸ் வேகஸில் சீசர்ஸ் பேலஸ் விடுதியின் திறந்தவெளி அரங்கில், லைட்வெயிட் சாம்பியன் ரே மன்சினியை எதிர்த்துத் தென்கொரியாவின் கிம் டுக்-கூ களமிறங்கினார். சி.பி.எஸ். தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பியது. அந்தச் சண்டையும் 14ஆவது சுற்றில்தான் முடிந்தது. சுற்று தொடங்கி 19 விநாடிகளில், மன்சினியின் வலக்கைக் குத்தில் விழுந்த கிம் கயிற்றைப் பற்றி எழ முயன்றபோது நடுவர் ரிச்சர்ட் கிரீன் ஆட்டத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கிம் நினைவிழந்தார். மூளை உறைக்கடியில் தேங்கிய இரத்தக்கட்டியை மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்தும் பயனில்லை. அந்த வாரமே அவர் இறந்துபோனார்.

அடுத்த மாதம், உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி., தன் பட்டப் போட்டிகள் இனி 15 சுற்றுகளுக்குப் பதில் 12 சுற்றுகளே நடைபெறும் என அறிவித்தது. 13, 14, 15ஆம் சுற்றுகளில் வீரர்கள் மிகவும் களைத்து, காயத்துக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்று தங்கள் மருத்துவ ஆய்வு காட்டுவதாக அதன் தலைவர் ஹோசே சுலைமான் காரணம் சொன்னார். கிம் இறந்தார், அதனால் மூன்று சுற்றுகள் குறைந்தன, அதனால் வீரர்கள் காக்கப்பட்டார்கள்: குத்துச்சண்டை வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று கூற்றுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதல் கூற்று உண்மை. இரண்டாவது கூற்று பாதிதான் உண்மை. மூன்றாவதைத்தான் இக்கட்டுரை விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. கடைசி மூன்று சுற்றுகள்தாம் உயிரைப் பறித்தனவா?

15 என்ற எண்

15 சுற்று என்பது தொன்மையான மரபு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவே ஒரு குறைப்பின் விளைவு. 1910இல் ரீனோவில் ஜாக் ஜான்சனும் ஜிம் ஜெஃப்ரீஸும் மோதிய போட்டிக்கு விதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு 45 சுற்றுகள். 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் பட்டத்தை இழந்தது 26ஆவது சுற்றில். நியூயார்க் மாநிலம் 1920இல் இயற்றிய வாக்கர் சட்டம்தான் 15 சுற்று வரம்பை நிலைநாட்டியது. உரிமம், மேற்பார்வை ஆணையம், மருத்துவர் ஆகிய ஏற்பாடுகளும் அதனோடு வந்தன. எனவே 15ஐப் புனித எண்ணாகக் கொண்டாடுகிறவர்களின் வாதம் தொடக்கத்திலேயே வலுவிழக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் மனம் தாங்கும் அளவுக்குச் சுற்றுகளை வெட்டியிருக்கிறது.

கடைசி மூன்று சுற்றுகளில் நடந்தவை

ஆனாலும் அந்த மூன்று சுற்றுகளில் என்ன நடந்தது என்பதைப் பார்க்காமல் அவற்றின் இழப்பை மதிப்பிட முடியாது. 1941 ஜூன் 18 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், தன்னைவிட எடை மிகக் குறைந்த பில்லி கானை ஜோ லூயிஸ் சந்தித்தார். 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளில் இரண்டில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமநிலை. விலகி நின்று ஆடியிருந்தால் ஹெவிவெயிட் பட்டம் அவருடையது. ஆனால் 13ஆவது சுற்றில் லூயிஸை வீழ்த்தியே தீர்வது என்று நெருங்கிப் போனார். அந்தச் சுற்று முடிய இரண்டு விநாடிகள் இருக்கையில் நாக்-அவுட் ஆனார். 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில், முதல் சுற்றிலேயே ராக்கி மார்சியானோவைத் தரையில் விழச்செய்த ஜெர்சி ஜோ வால்காட், 12 சுற்றுகளுக்குப் பின் மூன்று அட்டைகளிலும் முன்னிலையில் இருந்தார். 13ஆவது சுற்றின் 43ஆவது விநாடியில் மார்சியானோவின் வலக்கை ஒரே குத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

1980 மார்ச்சில் நாக்ஸ்வில் நகரில், சொந்த ஊர் ரசிகர்களுக்கு முன்னால் புள்ளிகளில் வென்றுகொண்டிருந்த ஜான் டேட்டை, கடைசிச் சுற்றில் 45 விநாடிகள் மிஞ்சியிருந்தபோது மைக் வீவர் இடக்கைக் கொக்கிக் குத்தால் சாய்த்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் லேரி ஹோம்ஸும் கென் நார்ட்டனும் மோதியபோது, 14 சுற்றுகள் முடிந்தும் மூன்று தீர்ப்பாளர்களின் கணக்கும் சமமாக நின்றது. 15ஆவது சுற்று மட்டுமே சாம்பியன் யார் என்பதை முடிவுசெய்தது. அந்த மூன்று நிமிடங்களில் இருவரும் கைகளைத் தூக்கவே முடியாத நிலையிலும் நின்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டார்கள். ஹெவிவெயிட் வரலாற்றின் மிகச் சிறந்த சுற்றுகளில் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவை எல்லாவற்றிலும் அதிகம் பேசப்படுவது 1981 செப்டம்பர் 16 அன்று நடந்த ஷுகர் ரே லெனார்ட், தாமஸ் ஹேர்ன்ஸ் மோதல். இதுவும் சீசர்ஸ் பேலஸ் திறந்தவெளி அரங்கில்தான். நீண்ட கையும் கூர்மையான முன்குத்தும் கொண்ட ஹேர்ன்ஸ் போட்டியின் பின்பகுதியில் தள்ளி நின்றே புள்ளிகளைச் சேர்த்தார். லெனார்டின் இடக்கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. 12ஆவது சுற்று முடிந்த இடைவேளையில், போட்டி கைநழுவிப் போகிறது என்று பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ லெனார்டிடம் கத்தினார். 13ஆவது சுற்றில் லெனார்ட் ஹேர்ன்ஸைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளும் அளவுக்குத் தாக்கினார். அப்போதும் மூன்று அட்டைகளிலும் ஹேர்ன்ஸே முன்னிலை: 125-122, 125-121, 124-122. 14ஆவது சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி லெனார்டை வெற்றியாளராக அறிவித்தார்.

12 சுற்று விதி இருந்திருந்தால் கானும் வால்காட்டும் டேட்டும் ஹேர்ன்ஸும் வென்றிருப்பார்கள் என்று வாதிடுவது வழக்கம். இந்த வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. சண்டையின் நீளம் வீரனின் திட்டத்தை முதல் மணியிலிருந்தே வடிவமைக்கிறது. 12 சுற்றுகளே உண்டு என்று தெரிந்திருந்தால் டண்டீயின் கூச்சல் 9ஆவது சுற்றின் முடிவிலேயே எழுந்திருக்கும். லெனார்ட் இன்னும் முன்னதாகத் தாக்கியிருப்பார். ஹேர்ன்ஸும் தன் வலுவை வேறுவிதமாகச் செலவிட்டிருப்பார். ஆகவே முடிவுகள் மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசி மூன்று சுற்றுகள் சோதித்த திறன் எது என்பதை மட்டும் சொல்லலாம். களைப்புக்குப் பின்னும் சிந்திக்கும் திறன் அது. வேகத்திலும் புள்ளிக்கணக்கிலும் வல்லவனை, பொறுமையும் உடலுறுதியும் கொண்டவன் பிடித்துவிட அவை இடம் கொடுத்தன.

வீரர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1987 ஏப்ரலில் மார்வின் ஹேக்லருடன் மோத ஒப்புக்கொண்டபோது லெனார்ட் தரப்பு கேட்டுப் பெற்றவற்றில் 12 சுற்று வரம்பும் ஒன்று. பெரிய களமும் கனமான கையுறைகளும் மற்றவை. மூன்று தீர்ப்பாளர்களில் இருவர் லெனார்டுக்கு வெற்றி தந்தனர். பின்சுற்றுகளில் ஹேக்லர் மேலெழுந்துகொண்டிருந்தார் என்று அவர் ஆதரவாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். உயிர்காக்கும் விதி என்று அறிவிக்கப்பட்ட ஒன்று, நான்கே ஆண்டுகளில் பேரத்தில் வைக்கப்படும் பண்டமாகிவிட்டிருந்தது.

மரணங்கள் எந்தச் சுற்றில் நிகழ்ந்தன?

இழப்பு எவ்வளவு பெரியதானாலும் உயிருக்கு ஈடாகாது. கடைசி மூன்று சுற்றுகளை நீக்கியதால் உயிர்கள் காக்கப்பட்டன என்றால் இந்த விவாதம் இங்கேயே முடிந்துவிடும். அதனால் சான்றுகளை நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிம்முக்கு முன் பட்டப் போட்டிகளில் நிகழ்ந்து உலகை உலுக்கிய மூன்று மரணங்களை எடுத்துக்கொள்வோம். 1962 மார்ச் 24 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்தின் அடிகளில் கியூபாவின் பென்னி பாரெட் வீழ்ந்தது 12ஆவது சுற்றில். மறு ஆண்டு மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் மைதானத்தில் ஷுகர் ராமோஸிடம் டேவி மூர் தோற்றது 10ஆவது சுற்றோடு. 1980 செப்டம்பரில் அதே நகரில் லூபே பின்டோரிடம் வேல்ஸ் வீரர் ஜானி ஓவன் வீழ்ந்ததும் 12ஆவது சுற்றில்தான்; நவம்பரில் அவர் இறந்தார். மூன்றுமே 15 சுற்றுக்குத் திட்டமிடப்பட்ட போட்டிகள். ஆனால் 12 சுற்று விதி இவர்களில் ஒருவரையும் காப்பாற்றியிருக்காது.

பட்டப் போட்டிகளுக்கு வெளியே போனால் இது மேலும் தெளிவாகிறது. கிம் இறந்த அதே 1982இல், அயர்லாந்தின் பேரி மெக்விகனோடு லண்டனில் மோதிய நைஜீரியாவின் யங் அலி 6ஆவது சுற்றில் வீழ்ந்தார். நினைவு திரும்பாமலே அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். தொழில்முறைச் சண்டைகளில் மிகப் பெரும்பாலானவை நான்கு, ஆறு, எட்டு, பத்து சுற்றுகள் கொண்டவை. அவற்றில் ஆடுகிறவர்கள் பெயர் அறியப்படாத இளைஞர்கள். உலகப் பட்டத்துக்கான 13ஆவது சுற்றை அவர்களில் பலர் கண்ணால்கூடக் கண்டதில்லை. பட்டப் போட்டிகளை மட்டும் தொடும் ஒரு விதி அவர்களை எப்படிக் காக்கும்?

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடைதேடிய ஆய்வு ஒன்று 2010இல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையின் ஆய்விதழில் வெளியானது. 1950 முதல் 2007 வரை தொழில்முறைக் குத்துச்சண்டையில் நிகழ்ந்த 339 மரணங்களை அது ஆராய்ந்தது. 1983க்குப் பின் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன என்பதை உறுதிசெய்தது. ஆனால் அந்தக் குறைவுக்கும் விதி மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டும் சான்று எதையும் அது காணவில்லை. வீரர்களின் விளையாட்டுக் காலம் சுருங்கியதும், அவர்கள் ஆடும் சண்டைகளின் எண்ணிக்கை குறைந்ததும், மருத்துவக் கண்காணிப்பு கூடியதுமே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருதுகோள். இதுவரை படித்தவற்றில் இந்த விவாதத்துக்கு மிக அவசியமான சான்றாக இதையே கருதுகிறேன். மரணங்கள் குறைந்தன என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏன் குறைந்தன என்ற பகுதியை விட்டுவிடும் பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

சுலைமானின் தரப்பில் நியாயமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. களைப்பும் நீரிழப்பும் வெறும் கற்பனைகள் அல்ல. 1986 ஜூனில் லாஸ் வேகஸின் கடும் வெயிலில், திறந்தவெளியில், ஸ்டீவ் குரூஸுக்கு எதிராக 15 சுற்றுகள் ஆடிய மெக்விகன் கடைசிச் சுற்றில் இருமுறை விழுந்தார். பட்டத்தை இழந்த அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அடுத்த மாதம் அட்லாண்டாவில் டுவைட் முகமது காவியை 15 சுற்றுகளில் வென்ற எவாண்டர் ஹோலிஃபீல்டும் உடல் நீர் வற்றி மருத்துவமனை சென்றார். வென்றவருக்கே அந்த நிலை. இவற்றைப் பார்த்த எவரும் 15 சுற்றுகளை மீண்டும் கொண்டுவரச் சொல்ல மாட்டார்கள். ஆயினும் இவை காட்டுவது களைப்பின் ஆபத்தை. களைப்பு 13ஆம் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது என்பதற்கு இவற்றில் ஆதாரமில்லை. எடை குறைக்கப் பட்டினி கிடந்து, நீர் குடிக்காமல் களமேறும் வீரனுக்கு 13ஆவது சுற்று 5ஆவது சுற்றிலேயே வந்துவிடும். 61.2 கிலோ வரம்புக்குள் உடலைக் கொண்டுவர கிம் மிகவும் பாடுபட்டார் என்று அப்போதே எழுதினார்கள்.

விதி ஏன் மாறியது?

கிம் மோதியது டபிள்யூ.பி.ஏ. பட்டத்துக்காக. விதியை உடனே மாற்றியதோ அதன் போட்டி அமைப்பான டபிள்யூ.பி.சி. எந்த அமைப்பின் பட்டத்துக்காக ஒருவர் உயிரிழந்தாரோ அது 1987 வரை 15 சுற்றுகளைக் கைவிடவில்லை. 1983இல் தோன்றிய ஐ.பி.எஃப். 1988 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மெக்சிகாலியில் கால்வின் குரோவை 15ஆவது சுற்றில் மூன்று முறை விழச்செய்து ஹோர்ஹே பாயெஸ் பட்டம் வென்றதோடு அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. மருத்துவச் சான்று ஐயத்துக்கிடமின்றித் தெளிவாக இருந்திருந்தால் மூன்று அமைப்புகளும் ஐந்தாறு ஆண்டுகள் மாறுபட்டு நின்றிருக்கத் தேவையில்லை.

தொலைக்காட்சியின் வசதிக்காகவே சுற்றுகள் குறைந்தன என்பது மாற்று விளக்கம். அதன் கணக்கு எளியது. 15 சுற்றுகள் முழுதாக நடந்தால், ஒரு நிமிட இடைவேளைகளையும் சேர்த்து 59 நிமிடங்கள். 12 சுற்றுகளுக்கு 47 நிமிடங்கள். அறிமுகமும் விளம்பரமும் தீர்ப்பு அறிவிப்பும் ஒரு மணிநேரத்துக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கு விதிமாற்றத்தால் யாருக்கு வசதி என்பதைக் காட்டுகிறது. அதன் நோக்கத்தை நிரூபிக்கவில்லை. இவ்விரண்டையும்விட வலுவான அழுத்தமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1983 ஜனவரியில், நாகரிக நாடுகளில் குத்துச்சண்டையைத் தடைசெய்ய வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. கிம்மின் கடைசி நிமிடங்களை வீடுகளில் அமர்ந்து நேரடியாகப் பார்த்த மக்களிடம் அந்தக் குரலுக்குச் செவிசாய்க்கும் மனநிலை இருந்தது. இந்த விளையாட்டு உடனடியாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஒன்றைச் செய்தாக வேண்டியிருந்தது. சுற்றுகளைக் குறைப்பதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். களத்தருகே மயக்க மருத்துவரை நிறுத்துவதும், அடிபட்டவரை ஆறுமாதம் ஆடவிடாமல் தடுப்பதும், எடைக்குறைப்பைக் கண்காணிப்பதும் பணமும் அதிகாரமும் கேட்பவை.

1983க்குப் பிறகு

சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே உயிரைக் காப்பதில்லை என்பதை 12 சுற்று விதியின் கீழ் நடந்தவை உறுதிப்படுத்துகின்றன. 1991 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ் யூபாங்கிடம் மைக்கேல் வாட்சன் 12ஆவது சுற்றில் தோற்றார். மூளையில் இரத்தம் கட்டிய அவருக்குக் களத்தருகே தேவையான முதலுதவி கிடைக்கவில்லை. உரிய அறுவை சிகிச்சை தொடங்குவதற்குள் விலைமதிப்பற்ற நேரம் கடந்துவிட்டது. உயிர் பிழைத்தாலும் நிரந்தர ஊனத்துக்கு ஆளானார். அவர் தொடுத்த வழக்கில், பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் மருத்துவ ஏற்பாட்டில் தன் கடமையிலிருந்து தவறியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டம் உற்று நோக்கியது சுற்றுகளின் எண்ணிக்கையை அல்ல, குத்து விழுந்த பிறகான நிமிடங்களை.

1995 மே மாதம் லாஸ் வேகஸில் கேப்ரியல் ருவேலாஸிடம் 11ஆவது சுற்றில் தோற்ற கொலம்பியாவின் ஜிம்மி கார்சியா இறந்தார். 2005 செப்டம்பரில் அதே நகரில் லெவாண்டர் ஜான்சன், அதுவும் 11ஆவது சுற்றில். இருவருமே 12 சுற்று பட்டப் போட்டிகளில் ஆடியவர்கள்.

யார் நிறுத்துவது?

சான்றுகள் திரும்பத் திரும்ப நம்மைக் கொண்டுசேர்க்கும் இடம் சண்டையை நிறுத்தும் முடிவு. பாரெட்டின் விஷயத்தில், கயிறுகளில் சிக்கி நின்றவரைக் காக்க நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டு உண்டு. அதற்கு முந்தைய தவறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: மூன்றரை மாதங்களுக்கு முன்புதான், 1961 டிசம்பரில், ஜீன் ஃபுல்மரிடம் கடும் அடி வாங்கி பாரெட் நாக்-அவுட் ஆகியிருந்தார். அவரை மார்ச்சில் களமேற்ற அனுமதித்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

கிம்மின் போட்டியை நிறுத்திய கிரீன் 1983 ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கிம்மின் மரணத்தோடு அதை இணைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது; அந்த இணைப்பு ஊகமே. கிம் விழுந்ததும் கிரீன் தயங்காமல்தான் நிறுத்தினார். கேள்வி 14ஆவது சுற்றைப் பற்றியதன்று. 13ஆவது சுற்றின் தொடக்கத்தில் மன்சினி இடைவிடாமல் தாக்கியபோது கிம்மின் மூலையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது. பழைய விதியின் கீழும் அந்தக் கணத்தில் துண்டை வீசிச் சண்டையை நிறுத்த அவர்களுக்கு உரிமை இருந்தது.

அந்த உரிமையைப் பயன்படுத்தியவர் ஒருவர் இருந்தார். 1975 அக்டோபர் 1, மணிலா. முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் 14 சுற்றுகள் மோதி முடித்திருந்தார்கள். ஃபிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மங்கியிருந்தது. ஆனாலும் கடைசிச் சுற்றுக்கு எழ விரும்பினார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை அமரச் சொல்லி, ஆட்டம் முடிந்தது என்று நடுவருக்குத் தெரிவித்தார். மூன்று நிமிடங்கள் மிஞ்சியிருந்த நிலையில், தன் வீரனின் கோபத்தை ஏற்றுக்கொண்டு எடுத்த முடிவு அது. நான் மேலே பேசிய எல்லா வெற்றிகளையும்விட இந்த முடிவைப் பெரிதாக மதிக்கிறேன்.

அதுவும் சில நேரங்களில் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் மேரிலாந்தில் சுப்ரியேல் மத்தியாஸிடம் அடிவாங்கிய மாக்சிம் தாதாஷேவிடம், 11ஆவது சுற்று முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்த ஒப்புக்கொள்ளுமாறு பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் கெஞ்சினார், பிறகு தானே நிறுத்தினார். சில நாட்களில் தாதாஷேவ் இறந்தார். நல்ல மனிதர், சரியான முடிவு, ஆனால் காலம் கடந்துவிட்டது. மூளைக்குள் கசியும் இரத்தம் சுற்றுகளை எண்ணிக் காத்திருப்பதில்லை.

எனவே இக்கட்டுரையின் தீர்ப்பு இது. 12 சுற்று விதி நீடிக்க வேண்டும். களைத்த உடலுக்கு ஒன்பது நிமிட அடி குறைவது நல்லதே. ஆனால் 1983க்குப் பின் மரணங்கள் குறைந்ததற்கான புகழை அந்த விதிக்குக் கொடுப்பதற்குச் சான்றில்லை. அந்தப் புகழ் மூளைப் படங்களைப் பார்த்து உரிமம் மறுத்த மருத்துவர்களுக்கும், முன்னதாகவே கையைத் தூக்கக் கற்றுக்கொண்ட நடுவர்களுக்கும், வீரர்கள் ஆடும் சண்டைகளின் எண்ணிக்கை குறைந்ததற்கும் உரியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குத்துச்சண்டை வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் கிம் டுக்-கூவின் மரணத்தை மூன்று சுற்றுகளின் கதையாக முடித்துவிடாமல், அவர் களமேறுவதற்கு முந்தைய வாரங்களிலிருந்தும் அவருடைய மூலையிலிருந்தும் விசாரணையைத் தொடங்க வேண்டும்.